சில்லுக்கு மானியம் தயார், கணினி வாங்குபவருக்கு?

புதுதில்லி: மின்னணுச் சில்லு உற்பத்தியில் நாட்டைத் தன்னிறைவு பெறச் செய்யும் இயக்கத்தின் இரண்டாவது கட்டத்தை 2026 பிப்ரவரியில் தாக்கல் செய்த பட்ஜெட்டில் மத்திய அரசு அறிவித்தது. முதல் கட்டத்துக்கு 2021 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தொகை ரூ. 76 ஆயிரம் கோடி. ஆனால், இரண்டாவது கட்டம் அறிவிக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், சாதாரணக் கணினியில் பொருத்தப்படும் நினைவகச் சில்லின் விலை கடைகளில் இரு மடங்கைத் தாண்டியது.

இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தது தற்செயல் அல்ல. மக்களின் வரிப்பணத்தை மானியமாகப் பெறும் நிறுவனங்கள், சில்லறையாகக் கணினி வாங்கும் மக்களை விட்டு விலகிக்கொண்டிருக்கின்றன. அந்த விலகலைத் தடுக்கவோ, குறைந்தபட்சம் அதற்கு ஈடு கேட்கவோ, அரசின் மானியத் திட்டத்தில் வழி இருக்கிறதா என்பதே இப்போது நாடாளுமன்றம் எழுப்ப வேண்டிய கேள்வி.

மான்குர்த்திலிருந்து பார்த்தால்: தில்லியில் எடுக்கப்படும் தொழில் கொள்கை முடிவுகள் மும்பையின் மான்குர்த் போன்ற ஒரு பகுதியில் என்ன பொருள் பெறுகின்றன என்று பார்த்தால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும். துறைமுக ரயில் வழித்தடத்தில், மும்பை மாநகரின் கடைசி நிலையம் மான்குர்த். அதற்கடுத்துக் கழிமுகப் பாலம்; பாலத்துக்கு அப்பால் வாஷி. ரயில் பாதை, சாலை, மேம்பாலம் ஆகியவற்றுக்காக நகரின் பல இடங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் லல்லுபாய் காம்பவுண்ட் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் இங்கு வாழ்கின்றன. மான்குர்த், கோவண்டி, டிராம்பே ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய எம்-கிழக்கு வார்டு, 2009-ல் வெளியான மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் நகரின் 24 வார்டுகளில் கடைசி இடத்தைப் பெற்றது. கணிசமான தமிழ்க் குடும்பங்களும் இங்கு மூன்று, நான்கு தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன.

இத்தகைய பகுதியில் ஒரு மாணவருக்குப் புதிய மடிக்கணினி என்பது குடும்பத்தின் சில மாத வருமானம். ஆகவே பழைய கணினியே வழி. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய கணினிகளை லேமிங்டன் சாலை போன்ற சந்தைகளில் வாங்கி, கூடுதலாக நினைவகப் பலகை ஒன்றைச் செருகி, படிப்பு முடியும்வரை ஓட்டுவது என்பதுதான் நடைமுறை. நாட்டில் எத்தனை வீடுகளில் கணினி உள்ளது என்பதற்கும் அரசிடமே கணக்கு இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்றின்படி, 2017-18-ல் கிராமப்புற வீடுகளில் 4.4 சதவீதத்திலும் நகர்ப்புற வீடுகளில் 23.4 சதவீதத்திலும் மட்டுமே கணினி இருந்தது. அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்துக் கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரு கைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுப் படிக்க நேர்ந்ததன் பின்னணி இந்தப் புள்ளிவிவரம்தான்.

ஆக, சில்லுத் திட்டம் வெற்றியா, தோல்வியா என்பதை அளக்க முதலீட்டுத் தொகை மட்டும் போதாது. இந்த 23.4 சதவீதம் எவ்வளவு உயர்கிறது என்பதும் ஓர் அளவுகோலாக வேண்டும்.

தரவு மையங்களின் பக்கம் சாய்ந்த சந்தை: கணினிச் சில்லு நிறுவனங்களின் போக்கு கடந்த சில ஆண்டுகளில் அடியோடு மாறிவிட்டது. அமெரிக்காவின் என்விடியா நிறுவனக் கணக்கே இதற்குத் தெளிவான சான்று. 2020 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் வருவாய் சுமார் 1,092 கோடி டாலர். அதில் ஏறத்தாழ பாதி, அதாவது 552 கோடி டாலர், கணினி விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் வரைகலைச் சில்லுகளிலிருந்து வந்தது. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டிலோ வருவாய் 13,050 கோடி டாலராகப் பெருகியது. அதில் 11,520 கோடி டாலர் தரவு மையங்களிலிருந்து வந்தது. விளையாட்டுச் சில்லுகளின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. வீட்டுக் கணினிக்காரர்களின் பணத்தில் வளர்ந்த நிறுவனத்துக்கு இன்று அவர்கள் ஓரத்து வாடிக்கையாளர்கள்.

நினைவகச் சில்லுகளின் நிலைமை இன்னும் கடுமையானது. உலகில் கணினிகளுக்கான டிராம் வகை நினைவகத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் மூன்றே நிறுவனங்களின் கையில் உள்ளது. தென் கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான் ஆகியவை அவை. செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்குத் தேவைப்படும் அதிவேக அடுக்கு நினைவகத்தைத் தயாரிப்பதில் இவற்றுக்கு லாபம் மிக அதிகம். ஆனால் அதே கொள்ளளவுள்ள சாதாரண நினைவகத்தைத் தயாரிக்கத் தேவைப்படுவதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கான் தகட்டை அது விழுங்கிவிடும். ஒரே வயலில் கரும்பு போட்டால் நெல் குறையும் கணக்குதான்.

2025 அக்டோபர் 1-ம் தேதி, ஓபன்ஏஐ நிறுவனம் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ் ஆகிய இரண்டுடனும் பூர்வாங்க உடன்பாடு செய்துகொண்டது. மாதம் 9 லட்சம் சிலிக்கான் தகடுகள்வரை தேவைப்படலாம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர் கடைகளில் நினைவகப் பலகைகளின் விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. முன்னதாக, 2025 ஜூனில், பழைய கணினிகளில் பயன்படும் டிடிஆர்-4 வகை நினைவகத்தைக் கணினி, தரவு மைய வாடிக்கையாளர்களுக்கு வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரான் தெரிவித்திருந்தது. பழைய கணினிக்கு உயிரூட்டும் பொருளே அருகத் தொடங்கியது.

டிசம்பர் 3-ம் தேதி வந்தது அடுத்த அறிவிப்பு. 29 ஆண்டுகளாக நுகர்வோருக்கு நேரடியாக நினைவகமும் சேமிப்பகமும் விற்றுவந்த தனது குரூஷியல் வணிகப் பெயரைக் கைவிடுவதாக மைக்ரான் கூறியது. தரவு மையங்களில் செயற்கை நுண்ணறிவால் எழுந்துள்ள தேவையே காரணம் என்றும், வேகமாக வளரும் பிரிவுகளைச் சேர்ந்த பெரிய வாடிக்கையாளர்களுக்கு வழங்கலை உறுதி செய்யவே இம்முடிவு என்றும் அந்நிறுவனம் விளக்கம் அளித்தது. கணினித் தயாரிப்பு நிறுவனங்களுக்கு மைக்ரான் தொடர்ந்து சில்லுகளை விற்கும் என்பது உண்மைதான். ஆனால், கடையில் ஒரு பலகை வாங்கித் தானே செருகிக்கொள்ளும் நுகர்வோருக்கு ஒரு கதவு மூடப்பட்டது.

சாணந்த் ஆலையும் 70 சதவீதமும்: இதில் இந்தியாவுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இந்திய சில்லு இயக்கத்தின் முதல் பெரிய வெற்றியாக அரசு முன்வைத்தது இதே மைக்ரானைத்தான். கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா தலைமை வகிக்கும் அந்நிறுவனத்தின் குஜராத் ஆலைக்கு, பிரதமர் நரேந்திர மோடி 2023 ஜூனில் அமெரிக்கா சென்றிருந்தபோது ஒப்புதல் அறிவிக்கப்பட்டது. சாணந்தில் அமையும் அந்த ஆலையின் மொத்தத் திட்ட மதிப்பு 275 கோடி டாலர். இந்திய மதிப்பில் ரூ. 22,516 கோடி. இதில் மைக்ரான் போடுவது அதிகபட்சம் 82.5 கோடி டாலர். மீதியில் திட்டச் செலவின் 50 சதவீதத்தை மத்திய அரசும், 20 சதவீதத்தைக் குஜராத் அரசும் ஏற்கின்றன. அதாவது, நூறு ரூபாயில் 70 ரூபாய் மக்களின் பணம்.

அந்த ஆலையில் சில்லு பிறப்பதில்லை. வெளிநாடுகளில் தயாராகும் சிலிக்கான் தகடுகளை இங்கு கொண்டு வந்து, வெட்டி, உறையிட்டு, சோதித்து அனுப்புவதே அதன் பணி. வேலைவாய்ப்பும் பயிற்சியும் கிடைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இங்கு சோதித்து அனுப்பப்படும் நினைவகம் எந்த நாட்டுத் தரவு மையத்துக்குப் போகும், எத்தனை சதவீதம் உள்நாட்டுக் கணினிகளுக்கு வரும் என்பதை மைக்ரான்தான் தீர்மானிக்கும். அரசு வெளியிட்ட திட்ட வழிகாட்டு நெறிமுறைகள் முதலீட்டின் அளவு, தொழில்நுட்பம், உற்பத்தித் திறன் ஆகியவற்றைப் பற்றியே பேசுகின்றன. தட்டுப்பாட்டுக் காலத்தில் உள்நாட்டு நுகர்வோருக்கு இவ்வளவு பங்கு என்ற பேச்சு அவற்றில் இல்லை.

வரப்போவது எந்தச் சில்லு?: 2025 ஆகஸ்ட் வரை 6 மாநிலங்களில் 10 திட்டங்களுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டுள்ளது, மொத்த முதலீடு சுமார் ரூ. 1.60 லட்சம் கோடி. இவற்றில் தலையாயது, தைவானின் பவர்சிப் நிறுவனத்துடன் இணைந்து டாடா குழுமம் குஜராத்தின் தோலேராவில் ரூ. 91 ஆயிரம் கோடியில் அமைக்கும் ஆலை. மாதம் 50 ஆயிரம் தகடுகளைத் தயாரிக்கும் திறன் கொண்டதாகத் திட்டமிடப்பட்டுள்ளது. அங்கு 28 நானோமீட்டர் முதல் 110 நானோமீட்டர் வரையிலான தொழில்நுட்பத்தில் மின்சக்தி மேலாண்மைச் சில்லுகள், திரை இயக்கிகள், வாகனங்களுக்கான கட்டுப்பாட்டுச் சில்லுகள் ஆகியவை உருவாகும். உத்தரப் பிரதேசத்தின் ஜேவர் அருகே ஹெச்.சி.எல்., ஃபாக்ஸ்கான் கூட்டில் 2025 மே மாதம் ஒப்புதல் பெற்ற ரூ. 3,700 கோடி ஆலையும் திரை இயக்கிச் சில்லுகளுக்கானது.

இவை பயனற்றவை அல்ல. கார் முதல் குளிர்சாதனப் பெட்டி வரை இத்தகைய சில்லுகள் இல்லாமல் இயங்காது. 2021-ல் இவை கிடைக்காமல்தான் கார் தொழிற்சாலைகள் உற்பத்தியைக் குறைத்தன. ஆனால், ஒரு மடிக்கணினியின் விலையில் பெரும் பங்கு வகிப்பவை மையச் செயலியும் நினைவகமும் சேமிப்பகமுமே. அவற்றில் எதையும் தகட்டு நிலையிலிருந்து தயாரிக்கும் ஆலை இந்தப் பத்தில் இல்லை. இன்றைய கணினிச் செயலிகள் 5 நானோமீட்டருக்கும் நுண்ணிய தொழில்நுட்பத்தில், பெரும்பாலும் தைவானில் தயாராகின்றன. எனவே, இந்தியாவில் சில்லு தயாரானால் இந்தியாவில் கணினி மலிவாகும் என்ற மேடைப் பேச்சுக்கும் ஒப்புதல் பெற்ற திட்டங்களின் பட்டியலுக்கும் இடையே பெரிய இடைவெளி உள்ளது.

இந்த இடைவெளியை ஓரளவு குறைக்கக்கூடிய ஒரே செய்தி, 2025 டிசம்பர் 8-ம் தேதி இன்டெல், டாடா நிறுவனங்கள் செய்துகொண்ட புரிந்துணர்வு. டாடாவின் ஆலைகளில் இன்டெல் பொருள்களைத் தயாரிக்கவும் உறையிடவும், இந்தியச் சந்தைக்கேற்ற கணினிகளைக் கொண்டு வரவும் உள்ள வாய்ப்புகளை ஆராய்வது அதன் நோக்கம். ஆராய்வது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இந்தியச் சில்லு வரலாற்றில் அந்தக் கட்டத்தோடு நின்றுபோன உடன்பாடுகள் பல.

அரை நூற்றாண்டு வாக்குறுதிகள்: மான்குர்த்தை ஒட்டிய டிராம்பேயில்தான் இந்தியக் கணினியின் கதை தொடங்குகிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த டிடிசி-12 என்ற கணினி 1969-ல் அங்கு இயக்கி வைக்கப்பட்டது. டிராம்பே எண்ணியல் கணினி என்பதே அந்தப் பெயரின் விரிவு. பின்னர் ஹைதராபாதில் உள்ள இந்திய மின்னணுக் கழகம் அதே வழியில் கணினிகளைத் தயாரித்தது.

அதே ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காகத்தான், அதன் அருகே மான்குர்த்தில் இருந்த ஜனதா காலனி 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில் இடிக்கப்பட்டது. தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்த அந்தக் குடியிருப்பிலிருந்து சுமார் 70 ஆயிரம் பேர் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். அதை எதிர்த்து நீதிமன்றத்திலும் தில்லியிலும் போராடிய ஜாக்கின் அற்புதம், கோலார் தங்க வயலில் பிறந்த தமிழர். பின்னாளில் குடிசைவாழ் மக்கள் இயக்கத்தின் உலக அளவிலான தலைவராக அறியப்பட்டு 2018-ல் காலமானார். நாட்டின் தொழில்நுட்பப் பெருமைக்கு அருகில் வாழ்வது வேறு, அதில் பங்கு பெறுவது வேறு என்பதை மான்குர்த் அரை நூற்றாண்டுக்கு முன்பே அறிந்துகொண்டது.

அரசே நேரடியாகச் சில்லு தயாரிக்க முற்பட்டதும் உண்டு. பஞ்சாபின் மொஹாலியில் அமைந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 1984-ல் 5 மைக்ரான் தொழில்நுட்பத்துடன் உற்பத்தியைத் தொடங்கி, சில ஆண்டுகளில் 0.8 மைக்ரானை எட்டியது. 1989 பிப்ரவரி 7-ம் தேதி நேரிட்ட தீ விபத்தில் அந்த ஆலை நாசமானது. மீண்டும் எழுவதற்குள் உலகம் வெகுதூரம் போய்விட்டது. 2006-ல் அது விண்வெளித் துறையின் ஆய்வகமாக மாறியது. 2025 செப்டம்பர் 2-ம் தேதி தில்லியில் பிரதமரிடம் வழங்கப்பட்ட விக்ரம் 32 பிட் செயலி அங்கு உருவானதே. ராக்கெட்டுக்கான அச்செயலியால் நாட்டுக்குப் பெருமை. ஆனால் அது மேஜைக் கணினிக்கானது அல்ல.

பிறகு தனியார் வாக்குறுதிகளின் காலம். 2006-ல் அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனத் தொழில்நுட்பத்துடன் செம்இந்தியா அறிவித்த 300 கோடி டாலர் ஹைதராபாத் திட்டம் ஆலையாக எழவில்லை. அதே காலத்தில் இன்டெல் தனது ஆலைகளுக்கு வியத்நாமையும் சீனாவையும் தேர்ந்தெடுத்தது. ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியின் கடைசிக் கட்டத்தில் ஒப்புதல் பெற்ற இரு ஆலைகளில், ஜேபி குழுமம் 2016-ல் விலகியது; மற்றொன்றும் எழும்பவில்லை.

மகாராஷ்டிர வாக்காளர்களுக்கு அடுத்த அத்தியாயம் நன்றாக நினைவிருக்கும். புணே அருகே தலேகாவுக்கு வரும் என்று எதிர்பார்க்கப்பட்ட வேதாந்தா-ஃபாக்ஸ்கான் ஆலை, 2022 செப்டம்பரில் ரூ. 1.54 லட்சம் கோடி மதிப்பீட்டில் குஜராத்துக்குச் சென்றது. மாநில அரசியலில் அது பெரும் புயலைக் கிளப்பியது. 2023 ஜூலையில் ஃபாக்ஸ்கானே கூட்டிலிருந்து விலக, இரு மாநிலங்களுக்கும் அந்த ஆலை இல்லாமல் போனது. 2024 செப்டம்பரில், மான்குர்த்திலிருந்து அதே துறைமுக ரயில் பாதையில் சென்றடையும் பன்வேல் பகுதியில், இஸ்ரேலின் டவர் நிறுவனத்துடன் அதானி குழுமம் ரூ. 83,947 கோடியில் ஆலை அமைக்கும் திட்டத்துக்கு மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சட்டப்பேரவைத் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு வந்த ஒப்புதல் அது. 2025 ஏப்ரலில் அதானி குழுமம் அப்பேச்சை நிறுத்திவைத்துள்ளதாகச் செய்தி வெளியானது.

பழையதாக்கும் உத்தி: புதிய சில்லு எட்டவில்லை என்றால், பழையதையே நீண்ட காலம் பயன்படுத்தலாமே என்ற எண்ணத்துக்கும் நிறுவனங்கள் இடம் தருவதில்லை. 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் விண்டோஸ்-10 மென்பொருளுக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் வரை மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் நீட்டிக்கப்பட்டன. அடுத்த மென்பொருளான விண்டோஸ்-11, இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாவது தலைமுறைக்கு முந்தியவற்றை ஏற்பதில்லை. அதாவது 2017-க்கு முன் தயாரான, நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் கணினிகள் ஒரே நாளில் முதுமை எய்தின. மான்குர்த் போன்ற இடங்களுக்குக் கைமாறி வருபவை பெரும்பாலும் இந்த வயதுக் கணினிகளே.

செயலி நிறுவனங்களிடையிலும் அணுகுமுறை வேறுபடுகிறது. 2017-ல் வந்த இன்டெலின் எட்டாவது தலைமுறை மேஜைக் கணினிச் செயலி, முந்தைய தலைமுறையின் அதே வடிவப் பொருத்துவாயைக் கொண்டிருந்தும் பழைய தாய்ப்பலகையில் இயங்கவில்லை. செயலியை மாற்ற விரும்பியவர் பலகையையும் வாங்க வேண்டியதாயிற்று. போட்டியாளரான ஏ.எம்.டி., 2016-ல் அறிமுகம் செய்த ஏ.எம்.-4 பொருத்துவாய்க்கு 2024-லும் புதிய செயலிகளை வெளியிட்டது. இதில் தர்ம சிந்தனை எதுவும் இல்லை. சந்தையில் பின்தங்கியிருந்த நிறுவனம் வாடிக்கையாளரைத் தக்கவைக்கக் கையாண்ட உத்தி அது. போட்டி இருக்கும் இடத்தில்தான் நுகர்வோருக்கு நன்மை கிடைக்கிறது என்பதே இதன் பாடம். மடிக்கணினிகளிலோ நினைவகத்தைப் பலகையோடு ஒட்டிவிடும் வழக்கம் பரவி, பின்னர் கூட்டிக்கொள்ளலாம் என்ற வாய்ப்பே குறைந்துவருகிறது.

உத்தரவாதத்திலும் இந்திய நுகர்வோர் தனியாக நடத்தப்பட்டதுண்டு. பெட்டியில் விற்கப்படும் செயலிகளுக்கு, இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்கியிருந்தால்தான் இங்கு உத்தரவாதம் என்ற விதியை 2016-ல் இன்டெல் கொண்டு வந்தது. வெளிநாட்டில் முறைப்படி வாங்கி இறக்குமதி செய்யப்பட்ட அசல் சரக்குக்கும் இங்கு பயன் இல்லாமல் போனது. இதுகுறித்த புகாரில் 2019 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. விதி வந்து மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் விசாரணையே தொடங்கியது. ஒரு செயலியின் வழக்கமான உத்தரவாதக் காலமே மூன்று ஆண்டுகள்தான்.

இவ்வாறு கழிக்கப்படும் கணினிகளில் பல கடைசியாக வந்து சேருவதும் இதே பகுதிகளுக்குத்தான். மான்குர்த்தின் மண்டாலா, குர்லா, தாராவி ஆகிய இடங்களின் பழைய பொருள் கிடங்குகளில் உலோகமும் பிளாஸ்டிக்கும் பிரிக்கப்படுகின்றன. மண்டாலா கிடங்குகளில் தீ விபத்து அடிக்கடி வரும் செய்தி. மின்னணுக் கழிவு விதிகள் 2011, 2016, 2022 என மூன்று முறை எழுதப்பட்டும், அமைப்புசாரா தொழிலாளியின் கை அந்தக் கழிவிலிருந்து விடுபடவில்லை.

அரசுத் தரப்பின் நியாயம்: மத்திய அரசின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. சில்லு ஆலை என்பது ஆண்டுக்கணக்கில் கட்டப்பட்டு, பல ஆண்டுகள் கழித்து லாபம் தருவது. மானியம் இன்றி எந்த நாட்டிலும் அது வந்ததில்லை. தைவான், தென் கொரியா, சீனா அனைத்தும் அப்படித்தான் வளர்ந்தன. முதலில் உறையிடும் ஆலை, அடுத்து முதிர்ந்த தொழில்நுட்பம், பின்னரே நுண்ணியது என்பது இயல்பான படிநிலை. நிபந்தனைகளை அடுக்கினால் முதலீட்டாளர் அடுத்த நாட்டுக்குப் போய்விடுவார் என்ற அச்சத்துக்கும், மேலே கண்ட தோல்விகளின் பட்டியல் சான்று கூறுகிறது.

இறக்குமதியைத் தடுத்து உள்நாட்டுத் தயாரிப்பை வளர்க்கும் வழியும் முயன்று பார்க்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 3-ம் தேதி மடிக்கணினி, கைக்கணினி இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்று திடீரென அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைக்கப்பட்டு, நவம்பர் முதல் வெறும் அனுமதிப் பதிவு முறையாக மாறியது. 1997-ல் இந்தியா இணைந்த உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தப்படி கணினிக்குச் சுங்க வரி இல்லை. ஆனால் சரக்கு-சேவை வரி 18 சதவீதம் உண்டு. 2025 செப்டம்பரில் வரி விகிதங்கள் மாற்றியமைக்கப்பட்டு, பெரிய தொலைக்காட்சிப் பெட்டிக்கான வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோதும், மடிக்கணினி 18 சதவீதத்திலேயே நின்றது. பொழுதுபோக்குச் சாதனத்துக்கும் படிப்புச் சாதனத்துக்கும் ஒரே விகிதம்.

நிபந்தனை கேட்பது பாவமா?: தடையற்ற சந்தையின் தலைமைப் பீடமான அமெரிக்காவே மானியத்துக்கு விலை கேட்கிறது. 2022 ஆகஸ்டில் நிறைவேறிய அந்நாட்டுச் சில்லுச் சட்டம் 5,270 கோடி டாலர் ஒதுக்கியது. பெருந்தொகை பெறும் நிறுவனம் எதிர்பார்த்ததைவிட அதிக லாபம் ஈட்டினால் அதில் அரசுக்குப் பங்கு, சீனாவில் விரிவாக்கத்துக்குக் கட்டுப்பாடு எனப் பல நிபந்தனைகள் அதனுடன் இணைக்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் டிரம்ப் நிர்வாகம் ஒரு படி மேலே போய், இன்டெலுக்கான உதவித் தொகை உள்ளிட்ட 890 கோடி டாலருக்கு ஈடாக அந்நிறுவனத்தின் 9.9 சதவீதப் பங்குகளையே பெற்றுக்கொண்டது. அந்த முறை சரியா என்பது வேறு விவாதம். ஆனால், நிபந்தனை விதித்தால் நிறுவனங்கள் ஓடிவிடும் என்ற வாதம் அங்கு எடுபடவில்லை.

இந்தியாவின் பேரம் பேசும் வலிமை அதன் சந்தையில் இருக்கிறது. அதை மொத்தமாகத் திரட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழகம் ஓர் உதாரணம். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் நிறுவனம் லட்சக்கணக்கான கணினிகளை ஒரே ஒப்பந்தப்புள்ளியில் கேட்டபோது, உலகின் முன்னணி நிறுவனங்கள் போட்டியிட்டு வந்தன. 2025-26 மாநில பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்க அறிவிப்பு வந்தது. முதல் ஆண்டுக்கு ரூ. 2 ஆயிரம் கோடி ஒதுக்கப்பட்டது. இலவசம் என்று தில்லியில் எள்ளி நகையாடப்பட்ட திட்டம் அது. சில்லு நிறுவனத்துக்குத் தரும் 70 சதவீதம் முதலீடு என்றும், மாணவருக்குத் தரும் கணினி இலவசம் என்றும் பெயர் பெறுவது விசித்திரமே.

இத்திட்டத்தின் பயன் மான்குர்த்தில் படிக்கும் தமிழ் மாணவருக்குக் கிடையாது. அவர் மகாராஷ்டிரக் கல்லூரியில் படிப்பவர். மத்திய அரசே மாநிலங்களின் தேவையைத் திரட்டி, மானியம் பெறும் நிறுவனங்களிடம் முன்கூட்டியே விலையும் அளவும் பேசி முடித்தால்தான் அவருக்கும் அது எட்டும்.

நாடாளுமன்றம் கேட்க வேண்டியவை: இரண்டாவது கட்டத்துக்கான விதிகளில் மூன்று அம்சங்களையாவது உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி வலியுறுத்தலாம். முதலாவது, அரசுடன் நிறுவனங்கள் செய்துகொள்ளும் நிதி உதவி ஒப்பந்தங்களின் சாரம் அவையின் முன் வைக்கப்பட வேண்டும். திட்டச் செலவில் பாதியைத் தரும் மக்களுக்கு, பதிலுக்கு என்ன உறுதி பெறப்பட்டது என்பதை அறியும் உரிமை உண்டு. இரண்டாவது, உலகத் தட்டுப்பாடு நேரும் காலங்களில், மானியம் பெற்ற ஆலையின் உற்பத்தியில் ஒரு பங்கு உள்நாட்டுக் கல்வித் தேவைக்கு என்ற விதி. மூன்றாவது, பழுது பார்க்கும் உரிமை. இதற்காக நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது, இணையதளமும் திறந்தது. ஆனால், உதிரி பாகமும் மென்பொருள் ஆதரவும் இத்தனை ஆண்டுகள் தரப்பட வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இன்றி, உரிமை என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை.

சில்லு இயக்கம் பற்றிய விவாதங்கள் இதுவரை எந்த மாநிலத்துக்கு ஆலை என்பதிலேயே சுழன்று வந்துள்ளன. குஜராத்துக்குப் போனது என்று மகாராஷ்டிரமும், தனக்கு வரவில்லை என்று தெற்கும் முறையிடுகின்றன. அந்த முறையீடுகளில் நியாயம் உண்டு. எனினும் ஆலை எங்கே அமைந்தாலும், அதன் கதவுக்கு வெளியே நிற்கும் வாங்குபவர் ஒருவர்தான். அவர் பெயரால் ஒதுக்கப்பட்ட பணத்துக்கு அவர் சார்பில் கணக்குக் கேட்பது நாடாளுமன்றத்தின் வேலை. முதல் கட்டத்தின் ரூ. 76 ஆயிரம் கோடிக்கு அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. இரண்டாவது கட்டத்தின் ஒப்பந்தங்கள் கையெழுத்தாவதற்கு முன்பே கேட்கப்பட்டால்தான் பயன்.